பட்டை உயரமா, எண் உயரமா? வரைபடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 73.45 சதவீதம், 2011-ல் 80.09. இந்த இரண்டையும் பட்டை வரைபடமாகப் போட்டு, செங்குத்து அச்சை 70-லிருந்து தொடங்கிப் பாருங்கள். முதல் பட்டைக்கு 3.45 அலகு உயரம், அடுத்ததற்கு 10.09. பத்தே ஆண்டில் எழுத்தறிவு மூன்று மடங்கானதுபோல் தெரியும். கூடியதோ 6.64 சதவீதப் புள்ளிதான். எண் எதுவும் தப்பில்லை, அச்சில் 70 என்றும் போட்டிருக்கிறது. ஆனாலும் படம் தப்பு. பட்டையில் கண் ஒப்பிடுவது நீளத்தை. அடியை வெட்டியதும் அந்த ஒப்பீடு போய்விடுகிறது.

இதற்குக் கெட்ட எண்ணம்கூட வேண்டாம். எண்கள் நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே அடியை வெட்டிவிடும். அச்சின்மேல் ரைட் கிளிக் செய்து, ‘ஃபார்மட் ஆக்சிஸ்’ போய், ‘மினிமம்’ கட்டத்தில் 0 கொடுங்கள். அடுத்தவர் போட்ட படத்தில் சந்தேகம் வந்தால், ஸ்கேலால் இரு பட்டைகளையும் அளந்து வகுங்கள், எண்களையும் வகுங்கள். மேலே சொன்னதில் படம் 2.9 மடங்கு என்கிறது, எண் 1.09 என்கிறது.

இதைக் கற்றவர்கள் அடுத்துச் செய்யும் தவறு, எல்லா வரைபடமும் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும் என்று அடம்பிடிப்பது. காய்ச்சல்காரரின் உடல் வெப்பத்தை 0 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து கோடாக வரைந்தால் 98.6-க்கும் 103-க்கும் வித்தியாசமே தெரியாது. கோட்டு வரைபடத்தில் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை. அங்கே அடியை வெட்டலாம், தொடங்கும் எண்ணைத் தெளிவாகப் போட்டுவிட்டால் சரி.

கிடை அச்சை யாரும் கவனிப்பதில்லை. தேசிய குடும்ப நல ஆய்வின் முதல் ஐந்து சுற்றுகள் 1992-93, 1998-99, 2005-06, 2015-16, 2019-21 ஆண்டுகளில் நடந்தன. இவற்றைச் சம இடைவெளியில் வைத்தால் பத்தாண்டு மாற்றமும் நாலாண்டு மாற்றமும் ஒரே அகலத்தில் வரும். கடைசி மாற்றம் எவ்வளவு வேகமானது என்பது மறைந்துவிடும். எக்செலில் ‘லைன்’ வகை இப்படிப்பட்ட ஆண்டுகளை வெறும் பெயர்களாக எடுத்து வரிசையாக அடுக்கிவிடும். ஆண்டை எண்ணாகக் கொடுத்து ‘ஸ்கேட்டர்’ வகையில் வரையுங்கள்.

இதைவிட மோசமும் நடந்திருக்கிறது. 2020 மே மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை வெளியிட்ட கோவிட் வரைபடத்தில் தேதிகளே வரிசையில் இல்லை. மே 1-க்குப் பிறகு ஏப்ரல் 30! பட்டைகள் உயரப்படி அடுக்கப்பட்டதால் தொற்று சீராகக் குறைந்ததுபோல் தெரிந்தது. கண்டனம் எழுந்ததும் திருத்தினார்கள்.

படங்களால் அளவு காட்டும்போது (விளைச்சலுக்கு மூட்டைப் படம்போல), இரு மடங்கைக் காட்ட மூட்டையின் உயரத்தையும் அகலத்தையும் இரட்டிப்பாக்கினால் பரப்பு நாலு மடங்காகும். ஒரே அளவு மூட்டையை இரண்டு தடவை போடுங்கள். இடப்பக்கம் ஓர் அச்சு, வலப்பக்கம் இன்னோர் அச்சு வைத்தால் எந்த இரு கோடுகளையும் ஒட்டவைத்துக் காட்டலாம். இரண்டுக்கும் தொடக்க ஆண்டின் மதிப்பை 100 என்று வைத்து, மற்ற ஆண்டுகளை அதற்கேற்ப மாற்றி ஒரே அச்சில் வரைவது நேர்மை. முப்பரிமாண வட்டப்படத்தை விட்டே விடலாம், முன்னால் இருக்கும் துண்டு எப்போதும் பெரிதாகத்தான் தெரியும்.

வட்டப்படம் எதுவானாலும் முதலில் கூட்டிப் பாருங்கள். 2009-ல் சிகாகோவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி மூன்று அரசியல்வாதிகளுக்கான ஆதரவைக் காட்டிய ஒன்றில் 70, 63, 60 என்று மூன்று துண்டு; மொத்தம் 193 சதவீதம். ஒருவரே பலருக்கு ஆதரவு சொல்லக்கூடிய கேள்விக்கு வட்டம் ஆகாது. மூன்று பட்டை போதும், பூஜ்யத்திலிருந்து.