மூன்று மாதமாகியும் விடாத இடுப்பு வலி: காரணத்தைத் தேடுவது எப்படி?

இடுப்பு வலி 12 வாரத்தைத் தாண்டிவிட்டால் அது நாட்பட்ட வலி. பெரும்பாலானவர்களுக்கு முறிவோ கட்டியோ கிருமியோ இருக்காது. எந்த அசைவு வலியைக் கிளப்புகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. அதற்கு முதலில் வேண்டியது ஒரு 40 பக்க நோட்டு.

படி 1: ஆபத்து இருக்கிறதா?

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தானாகக் கசிந்தாலோ, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப்போனாலோ, கால் துவண்டாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒரு நாள் தள்ளினாலும் நரம்பு மீளாமல் போகலாம். மாலைக் காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, படுத்தாலும் குறையாத இரவு வலி இருந்தால் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் அபூர்வமல்ல.

படி 2: இரண்டு வாரம் எழுதுங்கள்

நேரம், அப்போது செய்த வேலை, வலி எங்கே, 0 முதல் 10 வரை எத்தனை. இந்த நான்கும் போதும். "காலையிலிருந்து வலி" என்று மொத்தமாக எழுதினால் பயனில்லை. "பண்ருட்டியில் முந்திரி உடைக்க உட்கார்ந்து 40 நிமிடம், வலி 6, எழுந்து நடந்ததும் 3" என்று எழுதினால் அதில் சேதி இருக்கிறது.

குனிந்தால், உட்கார்ந்தால் கூடுகிற வலி பலருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டு) சார்ந்தது. முழங்காலுக்குக் கீழே பாதம் வரை மின்சாரம் பாய்வதுபோல் இழுத்தால் நரம்பு அழுந்தியிருக்கலாம். ஐம்பதைத் தாண்டியவருக்கு நடந்தால் கால் கனத்து, உட்கார்ந்தால் விட்டுப்போனால் தண்டுவடப் பாதை குறுகியிருக்கலாம். 45 வயதுக்குள் தொடங்கி, காலையில் அரை மணிக்கு மேல் விறைத்து, நடமாட நடமாடக் குறைந்தால் அது அழற்சி வகையாக இருக்கலாம், அதாவது உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குவது. இதைத் தசைப்பிடிப்பு என்று பல வருடம் தைலம் தேய்த்தே கடத்திவிடுகிறார்கள். புதுச்சேரி ஜிப்மரில் இதைப் பார்க்க மருத்துவ நோயெதிர்ப்பியல் துறை இருக்கிறது.

படி 3: ஸ்கேன் வேண்டுமா?

ஆபத்து அறிகுறி இல்லையென்றால் எடுத்த எடுப்பில் வேண்டாம். வலியே இல்லாதவர்களை சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளின் 2015 தொகுப்பில், 20 வயதினரிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் படித்துப் பயந்து படுத்துக்கொள்வதுதான் பெரிய கெடுதல்.

படி 4: காலை முதல் ஒரு மணி நேரம்

இரவில் டிஸ்க் நீரை உறிஞ்சிப் புடைத்திருக்கும். அந்த நிலையில் குனிந்தால் அழுத்தம் அதிகம். எழுந்த உடனே வாசலில் குனிந்து கோலம் போடுவதை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். 15 லிட்டர் குடம் 15 கிலோ; கையை நீட்டித் தூக்காமல் உடலோடு ஒட்டித் தூக்குங்கள், ஒரே பக்க இடுப்பில் வைக்காமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வையுங்கள்.

படி 5: நடை, ஒரே ஒரு பயிற்சி

10 நிமிடத்தில் தொடங்கி, வாரம் 3 நிமிடம் கூட்டி, 30 நிமிடம் வரை, வாரத்தில் 5 நாள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை வண்டி விடாத நேரம் இதற்கு நல்லது. கடலூர் சில்வர் பீச்சில் அலையோர மணல் சரிவாக இருக்கும், ஒரு பக்க இடுப்பு ஏறி இறங்கும், சமதரையில் நடங்கள்.

பிறகு கையும் முழங்காலும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டி 10 விநாடி. பக்கத்துக்கு 5 முறை. காலை முதுகு மட்டத்துக்கு மேலே தூக்கினால் இடுப்பு வளைந்து வலி கூடும். எல்லோரும் செய்கிற தவறு இது.

இடுப்பு பெல்ட்டையும், முதுகெலும்பை இழுத்துவிடும் இழுவைச் சிகிச்சையையும் நாட்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை வாரக்கணக்கில் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம். ஆறு வாரத்தில் நோட்டில் எழுதும் வலி எண் இறங்கவில்லையென்றால், அந்த நோட்டோடு எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள்.