புருவத்தைத் தூக்குவதா, இமைத்தோலை எடுப்பதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணுக்கு மேல் தோல் சரிந்து, முகம் எந்நேரமும் தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல் தெரிந்தால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். இமைத்தோல் தளர்ந்து மிகுந்திருக்கும். அல்லது புருவமே இறங்கி, தன் கீழே உள்ள தோலைக் கண்மேல் தள்ளியிருக்கும். அல்லது இமையைத் தூக்கும் தசை வலுவிழந்து, இமையின் விளிம்பே தாழ்ந்திருக்கும். முதலாவதற்கு மிகுந்த தோலை எடுக்கும் பிளெஃபரோபிளாஸ்டி, இரண்டாவதற்குப் புருவத்தை உயர்த்தும் ப்ரோ லிஃப்ட். மூன்றாவதற்கு இவை இரண்டுமே தீர்வல்ல. அது டோசிஸ், அதற்கான அறுவை வேறு. கண்ணாடியில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். ஒரே ஆளுக்கு இரண்டு சேர்ந்திருப்பதும் சகஜம்.

நெற்றியைத் தளர்த்தாமல் அளவெடுப்பது

பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. இமை பார்வையை மறைக்கத் தொடங்கியதும் நெற்றித்தசை தானாகவே புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். நாள் முழுக்க இது நடப்பது அவருக்கே தெரியாது. நெற்றியில் ஆழமான குறுக்குக் கோடுகளும் மாலையானால் நெற்றி கனப்பதும் இதன் அடையாளம். இந்த நிலையில் பார்த்தால் புருவம் சரியான இடத்தில் இருப்பதாகத்தான் தோன்றும். "தோல்தான் அதிகம்" என்று முடிவாகிவிடும். தோலை எடுத்ததும் பார்வை திறக்கும், நெற்றிக்கு வேலை போய்விடும், புருவம் தன் உண்மையான இடத்துக்கு இறங்கிவிடும். மறுபடி கண்மேல் மடிப்பு. மருத்துவர் குறைவாக எடுத்துவிட்டார் என்று நினைத்து இன்னொரு முறை வெட்டச் சொல்வார்கள். அப்போது புருவத்துக்கும் இமைமுடிக்கும் இடையே உள்ள தூரம் மேலும் சுருங்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்களை மெதுவாக மூடி, நெற்றி முழுதும் தளரும்வரை பொறுங்கள். நெற்றி மறுபடி ஏறாதபடி புருவத்துக்கு மேலே விரல்களை வைத்துப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறங்கள். கீழ்நோக்கி அழுத்த வேண்டாம். அந்த நிலையில் வேறொருவர் நேராகப் படம் எடுக்கட்டும். கண்குழி எலும்பின் மேல்விளிம்பை விரலால் தொட்டுப் பாருங்கள்: பொதுவாகப் பெண்களுக்குப் புருவம் அதற்குச் சற்று மேலே இருக்கும், ஆண்களுக்கு அதை ஒட்டியே இருக்கும். அதைவிடக் கீழே இருந்தால் புருவச் சரிவு. நூல் போட்டுப் புருவத்தின் கீழ்ப்பக்கத்தை எடுத்தவர்களும் டாட்டூ வரைந்தவர்களும் முடி இருக்கும் இடத்தை நம்பக் கூடாது, எலும்புதான் கணக்கு.

புருவத்தின் வால் பகுதியைத் தனியாகக் கவனியுங்கள். நெற்றித்தசையின் பிடி அந்தக் கடைசிவரை எட்டாது. அதனால் முதலில் விழுவதும் அதுதான். கண்ணின் வெளிமுனையைத் தாண்டி நெற்றிப்பொட்டுப் பக்கம் ஓடும் மடிப்பு இருந்தால், இமையில் மட்டும் வெட்டி அதைச் சரிசெய்ய முடியாது. முயன்றால் தழும்பும் அந்தப் பக்கம் நீளும்.

டோசிஸைத் தவறவிடுவது

தொங்கும் தோலை விரலால் மெல்ல விலக்கிவிட்டு இமை விளிம்பைப் பார்க்க வேண்டும். டார்ச் ஒளி கண்மணியில் மின்னும் புள்ளியிலிருந்து மேல் இமை விளிம்பு வரை வழக்கமாக 4 முதல் 5 மி.மீ. இருக்கும். 2 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்றால், தோலை எவ்வளவு எடுத்தாலும் கண் திறந்ததாகத் தெரியாது. பல ஆண்டுகள் காண்டாக்ட் லென்ஸ் போட்டவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். காலையில் நன்றாக இருந்து மாலையில் இமை விழுந்தால் மயஸ்தீனியா கிராவிஸ் (தசைகள் எளிதில் சோர்ந்துபோகும் நோய்) இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். திடீரென ஒரு பக்க இமை விழுந்து, இரட்டைப் பார்வையோ கண்மணி அளவில் வேறுபாடோ இருந்தால் அழகுச் சிகிச்சைப் பேச்சே கூடாது. அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

"கொஞ்சம் அதிகமாகவே எடுத்துவிடுங்கள்"

இமைமுடி வரிசையிலிருந்து புருவத்தின் கீழ்விளிம்பு வரை குறைந்தது 20 மி.மீ. தோலாவது மிஞ்ச வேண்டும். அதற்குக் கீழே போனால் தூங்கும்போது கண் முழுதாக மூடாது, கருவிழி உலர்ந்து புண்ணாகும். எடுத்த தோலைத் திரும்ப வைப்பது லேசான வேலை இல்லை. இரண்டு அறுவையும் தேவைப்படுபவருக்குப் புருவத்தை முதலில் உயர்த்தி நிறுத்தி, அதன்பிறகு மிச்சத்தை அளந்து எடுப்பதே முறை. வரிசையை மாற்றினால், இமையில் அளந்து வைத்த தோலையும் புருவம் மேலே இழுத்துக்கொள்ளும்.

கண் ஏற்கெனவே உலர்வாக இருக்கிறதா என்பதையும் முன்னரே அறிய வேண்டும். கண்ணீரின் அளவைக் கீழ் இமையில் வைக்கும் தாளால் பார்க்கும் ஷிர்மர் சோதனையில் 5 நிமிடத்தில் தாள் 10 மி.மீ.க்குக் குறைவாக நனைந்தால் எச்சரிக்கை. கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்தவர்கள் சில மாதங்கள் பொறுக்க வேண்டும். தைராய்டு கண்நோய் உள்ளவர்கள், அது குறைந்தது 6 மாதமாவது மாறாமல் நின்றபிறகே இமையைத் தொட வேண்டும்.

முறையைப் பார்க்காமல் பெயரை மட்டும் தேர்ந்தெடுப்பது

ப்ரோ லிஃப்ட் ஒரே அறுவை அல்ல. சிறு கேமராக் குழாயை நுழைத்துச் செய்யும் எண்டோஸ்கோப் முறையில் கூந்தலுக்குள் சிறு வெட்டுகள்தான், ஆனால் முடிக்கோடு சற்றுப் பின்னே போகும். ஏற்கெனவே நெற்றி அகலமானவர்களுக்கு இது பிடிக்காது. முடிக்கோட்டை ஒட்டி வெட்டும் முறை அவர்களுக்குப் பொருந்தும். வழுக்கை உள்ள ஆண்களுக்கு நெற்றிச் சுருக்கத்திலோ புருவத்துக்கு நேர் மேலேயோ வெட்டலாம். முகவாதத்தால் புருவம் விழுந்தவர்களுக்கும் இந்த நேரடி முறை நன்கு வேலை செய்யும். ஆனால் தழும்பு வெளியே தெரியும், மாநிறத் தோலில் சில மாதங்கள் கறுத்தும் நிற்கும். தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆண்களுக்குப் பெண்களைப்போல வளைத்துத் தூக்கினால் முகம் எப்போதும் திடுக்கிட்டதுபோல் இருக்கும். உச்சந்தலை மரத்துப்போவது எல்லா முறையிலும் நேரலாம். பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்லச் சரியாகும்.

சுருக்கம் மறைய நெற்றியில் போட்ட போடாக்ஸ் ஊசி புருவத்தைத் தாழ்த்தலாம். அதன் வேகம் 3, 4 மாதத்தில் குறைந்தபிறகு அளவெடுப்பதே சரி. கீழ் இமைப் பைகளுக்கும் கருவளையத்துக்கும் மேலே செய்யும் இந்த அறுவைகளால் எந்தப் பலனும் இல்லை.

காட்டுவதற்குக் கண் பிளாஸ்டிக் அறுவை நிபுணரே நல்லது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. பார்வை மறைகிறது என்றால் தோலை டேப்பால் தூக்கியும் தூக்காமலும் பார்வைப்புலச் சோதனை எடுத்துவிடுங்கள். அழகுக்காகச் செய்வதற்குக் காப்பீடு தராது. மருத்துவக் காரணம் என்று கேட்பதற்கு இந்தப் பதிவுதான் கையில் இருக்கும்.

இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது; இதய மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரைகளும் இரத்தக் கசிவைக் கூட்டலாம் என்பதால் அவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். இமை அறுவைக்குப்பின் கண்ணுக்குப் பின்னால் இரத்தம் தேங்குவது அரிது, நடந்தால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள். கடும் வலி, கண் முன்னே பிதுங்குவது, பார்வை மங்குவது எதுவாக இருந்தாலும் நள்ளிரவே ஆனாலும் மருத்துவமனைக்கு உடனே கிளம்ப வேண்டும். காலைவரை பொறுத்தால் பார்வையே போகலாம்.