திருவிழா பொக்ஸை வீட்டுக்குக் கொண்டு வருகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் சவுண்ட் சேவிஸ் நடத்துபவர்கள் புதிய செட் எடுக்கும்போது பழைய ஸ்பீக்கர் பொக்ஸ்களை விற்றுவிடுவார்கள். கடையில் புதிதாக ஒரு ஹைஃபை சோடி வாங்கும் காசில் சிறு பங்குதான் கேட்பார்கள். கோயில் திருவிழாவில் அந்தப் பொக்ஸ் முழங்கியதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வீட்டிலும் அப்படிக் கேட்க ஆசை வருவது நியாயம். அது நல்ல யோசனை என்றே நானும் சொல்வேன். ஆனால் கோயில் மைதானத்தில் பொக்ஸை எப்படி வைத்தார்களோ, எப்படி முடுக்கினார்களோ, அதையே வீட்டிலும் செய்தால் ஒரு வாரத்தில் வெறுத்துவிடும். கெட்டுப் போகிற இடமெல்லாம் அந்த மைதானப் பழக்கம்தான்.

முதலில் இந்தப் பொக்ஸின் பலம் எது என்று பார்ப்போம். சாதாரண வீட்டு ஸ்பீக்கருக்கு 1 வொட் கொடுத்தால் 1 மீற்றர் தூரத்தில் 85 முதல் 88 டெசிபல் வரை சத்தம் வரும். மேடைப் பொக்ஸில் அதே 1 வொட்டுக்கு 95 முதல் 100 டெசிபல் வரை வரும். 10 டெசிபல் வித்தியாசம் என்றால் பத்தில் ஒரு பங்கு மின்வலு போதும். இதன் பலனை தவிலில் கேட்கலாம். பாட்டின் சராசரிச் சத்தத்தை விட தவிலின் ஓர் அடி 15, 20 டெசிபல் மேலே எகிறும். சாதாரண ஸ்பீக்கரில் சராசரிக்கு 1 வொட் போதும் என்றால், 20 டெசிபல் எகிறும் அந்த நொடிக்கு 100 வொட் வேண்டும். சிறிய ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் அந்த இடத்தில் சூடேறித் திணறும், அடி மழுங்கிவிடும். மேடைப் பொக்ஸுக்கு அதில் பத்தில் ஒரு பங்கான 10 வொட்டே போதும், அது ஒரு பொருட்டே இல்லை. தப்பும் நாதஸ்வரமும் எதிரே நின்று வாசிப்பது போல் கேட்பதற்கு இதுதான் காரணம்.

இது தெரியாமல்தான் அம்ப் (அம்ப்ளிஃபயர்) விடயத்தில் பலர் தேவையில்லாமல் காசைக் கொட்டுகிறார்கள். பொக்ஸின் முதுகில் 500 வொட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து 500 வொட் அம்ப் தேட வேண்டாம். அது தாங்கும் எல்லையே தவிர, தேவைப்படும் அளவு அல்ல. வீட்டு அறைக்கு 30, 40 வொட் கொண்ட சுத்தமான வீட்டு அம்ப் தாராளம். மேடை அம்ப்பில் ஃபேன் வேறு ஓடும். மெல்லிய பாட்டுக்கு நடுவே அந்த இரைச்சலைச் சகிக்க முடியாது.

இனி, மலையகத்தில் மற்ற இடங்களை விட அதிகமாகத் தொந்தரவு தரும் விடயத்துக்கு வருகிறேன். அது 'உஸ்ஸ்' என்ற இரைச்சல். கொழும்பில் வீதிச் சத்தம் அதை மூடிவிடும். தோட்டத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல் அப்படி மூட எதுவும் இல்லை. உயர் சுருதியைத் தரும் ஹோர்ன் டிரைவருக்கு 1 வொட்டில் 105 டெசிபலைத் தாண்டும் திறன் உண்டு. அம்ப்பின் உள்ளே இருக்கும் மிகச் சிறிய இரைச்சலைக்கூட அது பெரிதாக்கிக் காட்டிவிடும். உள்ளேயே அம்ப் பொருத்திய பொக்ஸில் ஹோர்னுக்கென்று தனி அம்ப் நேரடியாகச் சேர்ந்திருப்பதால் இன்னும் மோசம்.

பாதி இரைச்சலை நாமே வரவழைக்கிறோம். மேடைக் கருவிகள் சுமார் 1.23 வோல்ட் சிக்னலுக்கும், வீட்டுக் கருவிகள் சுமார் 0.32 வோல்ட்டுக்கும் அமைக்கப்பட்டவை. ஃபோனில் சத்தத்தைப் பாதியில் வைத்துவிட்டு, பொக்ஸின் பின்னால் இருக்கும் குமிழை முழுதாகத் திருகினால் சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும். மாற்றிச் செய்யுங்கள். ஃபோன், டிவிடி, மிக்ஸர் எதுவானாலும் அங்கே சத்தத்தை உயர்த்தி, பொக்ஸின் குமிழைக் குறைத்து வையுங்கள். அதற்குப் பிறகும் எஞ்சும் இரைச்சல் பொக்ஸின் உள் அம்ப்பிலிருந்து வருவது, அதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. எனவே வாங்கும் முன்பே சத்தமில்லாத அறையில், பாட்டு வரும் வயர் எதையும் சொருகாமல் பொக்ஸை ஓன் செய்து, நீங்கள் உட்காரப் போகும் தூரத்திலிருந்து காது கொடுத்துக் கேளுங்கள். கடைத்தெரு இரைச்சலில் நின்று கேட்டு வாங்குவதில் அர்த்தமில்லை.

அடுத்தது தூரம். பேஸ் தரும் 15 அங்குல வூஃபரும் அதற்கு மேல் ஹோர்னும் உள்ள பொக்ஸில் இரண்டின் சத்தமும் காற்றில் ஒன்று கலக்கக் கொஞ்ச இடம் வேண்டும். 1 மீற்றரில் உட்கார்ந்தால் பாடகரின் குரல் ஓரிடத்திலும் 'ச', 'ஸ' மட்டும் அதற்கு மேல் வேறோர் இடத்திலும் கேட்கும். குறைந்தது இரண்டரை, மூன்று மீற்றர் தள்ளி உட்காருங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் 8 அல்லது 10 அங்குல பொக்ஸே உங்களுக்கு உகந்தது. ஸ்டாண்டையும் தலைக்கு மேல் தூக்காதீர்கள். மேடையில் அது கூட்டத்தின் தலைகளைத் தாண்டிப் போவதற்காக. வீட்டில் ஹோர்ன் உங்கள் காது மட்டத்துக்கு வரவேண்டும். முகத்துக்கு நேரே திருப்பினால் கூர்மை அதிகம் என்று தோன்றினால், சற்று வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஈக்யூவை (பேஸ், டிரெபிளைக் கூட்டிக் குறைக்கும் பகுதியை) தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

லயத்துக் காம்பராவில் பேஸ் பெரிய தலைவலி. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 அடி நீளத்துக்கு சுமார் 47 ஹேர்ட்ஸிலும், 10 அடி அகலத்துக்கு சுமார் 56 ஹேர்ட்ஸிலும் ஒலி சுவருக்குச் சுவர் மோதி நின்று பெருகும். 12 அங்குல மேடைப் பொக்ஸ்கள் பலவற்றில் பேஸுக்காக விடப்பட்ட துளையும் கிட்டத்தட்ட அதே 50, 60 ஹேர்ட்ஸுக்குத்தான் அமைக்கப்பட்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'பூம்' தான். மூலையில் வைத்தால் இன்னும் கூடும். மேலே தகரக் கூரை வேறு அதிரும்.

பொக்ஸை மூலையிலிருந்து வெளியே இழுங்கள். பின்சுவருக்கு ஓர் அளவும் பக்கச்சுவருக்கு வேறோர் அளவும் விடுங்கள். நீங்களும் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார வேண்டாம். பேஸ் துளைக்குள் ஒரு தடித்த காலுறையைச் சுருட்டி அடைத்துப் பாருங்கள், அந்த 'பூம்' உடனே தணியும். வீட்டுச் சத்த அளவில் இதனால் வூஃபருக்குக் கேடில்லை. மெத்தை, துணி அடுக்கிய அலுமாரி, கனமான திரைச்சீலை எல்லாம் ஹோர்னின் கூர்மையை மட்டுப்படுத்தும்; பேஸுக்கு அவ்வளவாக உதவாது.

ஒரு மேடைப் பொக்ஸிடம் 30 ஹேர்ட்ஸ் அளவுக்கு ஆழமான பேஸ் கேட்பதும் பிழை. அதன் வூஃபர் விளிம்பு மடிப்புத் துணியால் ஆனது, விறைப்பானது, அடித்துத் தாங்குவதற்காகச் செய்தது. 50 ஹேர்ட்ஸுக்குக் கீழே சட்டென்று விழுந்துவிடும். ஈக்யூவில் பேஸை முறுக்கினால் வூஃபர் வீணாகத் துள்ளுமே தவிர பேஸ் வராது. ஆழமான பேஸ் வேண்டும் என்பவர் வீட்டுக்கென்று செய்த சப்வூஃபர் ஒன்றைத் தனியாகச் சேர்க்கலாம்.

உள் அம்ப் உள்ள பொக்ஸ்களின் பின்னால் 'டிஜே', 'லைவ்', 'மியூசிக்' என்று பொத்தான்கள் இருக்கும். 'டிஜே'யில் பேஸையும் டிரெபிளையும் தூக்கி வைத்திருப்பார்கள். ஆட்டத்துக்கு அது சரி. வீட்டில் 'ஃபிளாட்' என்று இருந்தால் அதையே வையுங்கள். பழைய மோனோ சினிமாப் பாட்டுகளில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டிரெபிள் தூக்கப்பட்டிருந்தால் ரெக்கோர்ட்டின் கீறலும் இரைச்சலும் பாட்டுக்கு முன்னால் வந்து நிற்கும்.

தொழில்முறை ஸ்பீக்கர் என்றாலே மேடைப் பொக்ஸ் என்று எண்ணிவிட வேண்டாம். ஒலிப்பதிவுக் கூடத்து மொனிட்டரும் தொழில்முறைதான், அது கிட்ட உட்கார்ந்து கேட்பதற்கென்றே செய்யப்படுகிறது. ஜேபிஎல் நிறுவனம் தன் 4310 ஸ்டூடியோ மொனிட்டரின் வீட்டு வடிவமாகத்தான் 1970இல் எல்100ஐ விற்பனைக்கு விட்டது. பிபிசி தன் வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளுக்காக உருவாக்கிய சின்னஞ்சிறு எல்எஸ்3/5ஏ பிறகு உலகெங்கும் வீட்டு வரவேற்பறைகளுக்குள் புகுந்தது. சிறிய அறைக்காரர்கள் மேடைப் பொக்ஸுக்கு முன் மொனிட்டரைப் பற்றி யோசிப்பது நல்லது.

கோயில்களிலும் பாடசாலைகளிலும் கழற்றிய கொலம் ஸ்பீக்கர் (தூண் போல நீண்ட பெட்டி) மலிவாக வந்தால் உள்ளே டிரான்ஸ்ஃபோமர் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். 100 வோல்ட் லைனுக்கானதை (நீண்ட வயரில் பல ஸ்பீக்கர்களை ஓட்டும் முறைக்கானதை) அப்படியே வீட்டு அம்ப்பில் மாட்டினால் முனகலாகத்தான் கேட்கும். வாயகன்ற குழாய் ஹோர்னோ பேச்சுக்கும் அறிவிப்புக்குமே ஆனது, பாட்டுக்கு வேண்டாம்.

பழைய பொக்ஸ் வாங்கும்போது மல்ட்டிமீற்றர் கொண்டு போங்கள். 8 ஓம் டிரைவர் 5.5 முதல் 6.5 ஓம் வரை காட்டும். சோடியில் ஒன்று மட்டும் மாறிக் காட்டினால் சுருள் மாற்றியிருக்கலாம், அல்லது கெட்டிருக்கலாம். வூஃபரின் கோனை (காகிதக் கூம்பை) இரண்டு பக்கமும் விரல்களை வைத்து சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் கையை எடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம். ஹோர்னின் டயஃப்ரம் (உள்ளே அதிரும் மெல்லிய தகடு) மாற்றியிருந்தால் இரண்டிலும் ஒரே வகை போட்டிருக்க வேண்டும். ரிப்பேரில் வயர் மாறிப் போவதும் அடிக்கடி நடப்பது. மோனோ பாட்டொன்றைப் போட்டால் குரல் இரண்டு பொக்ஸுக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். குரல் அலைந்து, பேஸும் காணாமல் போனால் ஒரு பக்கத்து வயர் தலைகீழ்.

'ம்ம்ம்' என்று ஹம் கேட்டால் பிளக்கின் எர்த் கம்பியை வெட்டிவிடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். 230 வோல்ட் பொக்ஸின் உலோகத்தில் இறங்கினால் உயிரே போகும். டிவியையும் பொக்ஸையும் ஒரே பிளக் பொயின்ட்டில் எடுங்கள், பாலன்ஸ்ட் வயர் (வெளி இரைச்சலை விலக்கும் வகை) போடுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் ஓடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபோமர் ஒன்றை நடுவில் சேருங்கள். பழைய லயங்களில் எர்த் சரியாக இருக்கிறதா என்று மின்பணியாளரிடம் முதலில் காட்டிவிடுவது அவசியம்.

சத்தத்தைப் பற்றிக் கவலையோடு ஒன்று சொல்ல வேண்டும். சிறிய ஸ்பீக்கரை ஏற்றினால் கரகரத்து நம்மை எச்சரிக்கும். இந்தப் பொக்ஸ் கரகரக்காது. காது எவ்வளவு வாங்குகிறது என்று தெரியாமலே ஏற்றிக்கொண்டு போவோம். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷ் தரும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மழை தகரத்தில் கொட்டும்போது ஏற்றிய சத்தம் மழை விட்ட பிறகும் அப்படியே இருப்பது இங்கே வழக்கம். லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் ஒரே சுவர், ஒரே கூரை. குழந்தை தூங்குகிற வீட்டுக்குப் பேஸ் நேரே போகும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாது என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2007இல் உத்தரவிட்டது பொது இடங்களை வைத்துத்தான். ஆனாலும் வீட்டுக்குள்ளும் அந்த நேரத்தை மதிப்பதே முறை.

பனிமூட்டமும் ஈரமும் கோனின் காகிதத்தையும் பெட்டிப் பலகையையும் மெல்லத் தின்னும். தரையிலும் வெளிச்சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள். பொலிதீன் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், துணி உறையே நல்லது. சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் இடி இடிக்கத் தொடங்கினால் சுவிட்சை மட்டும் நிறுத்திவிட்டு இருக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றுங்கள். டிஷ் அன்டெனாவிலிருந்து டிவிக்கு வரும் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். டிவி வழியாக மின்னல் அம்ப்புக்குள் வருவது அந்தக் கேபிளால்தான்.