கல்யாணக் கேசட்டை டிவிடியாக்கும்போது: வெட்டலாம், ஒட்டலாம், மறுபடி என்கோட் மட்டும் வேண்டாம்

விஎச்எஸ் கேசட்டைக் கணினியில் ஏற்றியாகிவிட்டது, கையில் நாலைந்து எம்பெக்-2 (டிவிடி பயன்படுத்தும் வீடியோ வடிவம்) ஃபைல்கள். ஒன்றின் தொடக்கத்தில் வெறும் நீலத்திரை, இன்னொன்றின் நடுவில் டேப் கசங்கிப் படம் கிழிந்த இடம், முகூர்த்தமோ பாதி ஒரு ஃபைலில், பாதி அடுத்ததில். உடனே எல்லாவற்றையும் ஒரு எடிட்டிங் மென்பொருளில் போட்டு வெட்டி எக்ஸ்போர்ட் செய்துவிடத் தோன்றும். செய்யாதீர்கள். எக்ஸ்போர்ட் என்றால் பெரும்பாலும் ஒவ்வொரு ஃபிரேமும் (வீடியோவின் ஒவ்வொரு படமும்) மறுபடி என்கோட் ஆகும், அதாவது விரித்து மறுபடி சுருக்கப்படும். கேசட் படத்தில் ஏற்கெனவே இருக்கிற புள்ளி இரைச்சல், இரண்டாம் முறை சுருக்கும்போது கட்டம் கட்டமாகத் திரண்டு நிற்கும்.

முதலில் ஃபைல்களை மீடியாஇன்ஃபோவில் (ஃபைலின் விவரங்களைக் காட்டும் மென்பொருள்) திறந்து பாருங்கள். நம் ஊர் டிவி முறையான பிஏஎல் டிவிடிக்கு 720×576 அளவு, நொடிக்கு 25 ஃபிரேம், வீடியோ பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு என்பது) 9.8 எம்பிபிஎஸ்ஸை, அதாவது நொடிக்கு 9.8 மெகாபிட்டைத் தாண்டாமல், ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் ஏசி3 அல்லது எம்பி2. அடிக்கடி இடிப்பது ஒலிதான், சில கேப்சர் மென்பொருள்கள் 44.1இல் பதிந்துவிடும். அதற்காக வீடியோவைத் தொட வேண்டாம், ஒலியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எல்லா ஃபைலும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும் என்பது முக்கியம், அளவு மாறினால் ஒட்டாது.

வெட்டி ஒட்ட அவிடெமக்ஸ் என்ற மென்பொருள் போதும், இலவசம். முதல் ஃபைலைத் திறந்து, மற்றவற்றை 'அப்பெண்ட்' மூலம் வரிசையாகப் பின்னால் சேருங்கள். வீடியோ அவுட்புட் 'காப்பி' (என்கோட் செய்யாமல் அப்படியே எழுதுவது), வெளியே எழுதும் வடிவம் எம்பெக்-பிஎஸ், அதன் அமைப்பில் டிவிடி. ஒலி 48இல் இருந்தால் அதுவும் காப்பி.

இப்போது வெட்டு. எம்பெக்-2இல் எல்லா ஃபிரேமும் முழுப் படம் கிடையாது. கீஃப்ரேம் மட்டும்தான் தனியாக நிற்கும், இடையில் வருபவை முன்பின் ஃபிரேம்களிலிருந்து எது மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். அதனால் காப்பி முறையில், நீங்கள் வைத்துக்கொள்ளும் துண்டு கீஃப்ரேமில்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் படம் சிதறும். மேல் அம்புக்குறி அடுத்த கீஃப்ரேமுக்கும் கீழ் அம்புக்குறி முந்தையதற்கும் கொண்டுபோகும். நீக்க வேண்டிய பகுதியின் தொடக்கத்தில் 'ஏ', முடிவில் 'பி' குறி வைத்து டிலீட் அழுத்துங்கள். பிஏஎல் டிவிடியில் ஒரு கீஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே அதிகபட்சம் 15 ஃபிரேம், அதாவது 0.6 நொடி. தாலி கட்டும் காட்சிக்கு முன் அரை நொடி கூடுதலாக இருந்தால் யாருக்கு என்ன? வெட்டுகளைக் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கிச் செய்யுங்கள், அப்போதுதான் தாளில் குறித்து வைத்த நேரங்கள் நகராது.

சேமித்த பிறகு ஒவ்வொரு ஒட்டுக்கும் அப்புறம் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நாதஸ்வரக்காரர் விரலும் சத்தமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கேப்சரில் ஃபிரேம் விட்டுப்போயிருந்தால் இங்கே தெரிந்துவிடும். அப்படியானால் அந்தத் துண்டை மறுபடி கேசட்டிலிருந்து எடுப்பதே மேல், ஒலியை நகர்த்திச் சரிசெய்வது ஓரிடத்தில் பொருந்தும், பத்து நிமிடம் கழித்து மறுபடி விலகும். மறுபடி எடுக்கும்போது பத்து நொடி முன்னாலிருந்து தொடங்குங்கள், ஒட்ட இடம் கிடைக்கும்.

இடக் கணக்கு சுலபம். 600ஐ மொத்த நிமிடத்தால் வகுத்தால், 4.7 ஜிபி டிஸ்க்குக்கு ஏற்ற பிட்ரேட் ஏறக்குறைய எம்பிபிஎஸ்ஸில் வரும். இரண்டு மணி நேரத்துக்கு 5. மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 3.3தான், 720×576க்கு அது பற்றாது. நிச்சயதார்த்தமும் முகூர்த்தமும் ஒரு டிஸ்க், ரிசப்ஷன் இன்னொன்று என்று பிரித்துவிடுங்கள். ஒரே டிஸ்க்தான் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால், கேப்சரையே 352×576இல் செய்யலாம். அதுவும் டிவிடி ஏற்கும் அளவுதான், விஎச்எஸ்ஸின் தெளிவுக்கு அது பெரிய நஷ்டமும் இல்லை.

கணினித் திரையில் கை அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தால் பயந்து டீஇன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒன்றாகப் பதிந்த கோடுகளை முழுப் படமாக்குவது) செய்ய வேண்டாம், டிவிடி பிளேயரும் டிவியும் அதைப் பார்த்துக்கொள்ளும்.

மிச்சம், மெனுவோடு டிவிடி உருவாக்கும் மென்பொருளான டிவிடிஸ்டைலரின் வேலை. ஃபைலைச் சேர்த்ததும் அதன் பண்புகளில் வீடியோ, ஒலி இரண்டுக்கும் 'காப்பி' என்று இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் இவ்வளவு நேரம் காப்பாற்றியதை அது சத்தமில்லாமல் மறுபடி என்கோட் செய்துவிடும். சாப்டரை ஊஞ்சல், மாலை மாற்றல், தாலி கட்டுதல் என்று நிகழ்ச்சி வாரியாக வையுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று வைப்பதில் யாருக்கும் பயனில்லை. எரிப்பதற்கு முன் ஃபோல்டராக உருவாக்கி விஎல்சியில் மெனு, சாப்டர் எல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு டிஸ்க்கில் எழுதுங்கள். எழுதும் வேகம் 8xக்கு மேல் வேண்டாம்.