தேரி மண்ணில் ஆவாரை வந்த கதை

திசையன்விளைப் பக்கம் எங்க வீட்டுத் தோட்டம் முழுக்கத் தேரி, அதாவது செம்மணல்; ஊத்துற தண்ணி நிக்காது. ரோட்டோரம் தானா பூத்துக் கிடக்கிற ஆவாரை, நான் வச்சா மட்டும் வரல. முதல்ல ஒரு செடியைப் பிடுங்கி நட்டேன். ஆணிவேர் அறுந்து 3 நாள்ல வாடிட்டு. அடுத்து 20 விதை போட்டேன், ஒண்ணுதான் முளைச்சுது. அதையும் உரம் போட்டு, தினமும் தண்ணி ஊத்தி அழுக வச்சாச்சு.

பக்கத்து வீட்டு ஆச்சிதான் சொன்னாங்க: "ஏல, காட்டுச்செடிக்குக் கஞ்சி ஊத்தியா வளப்பாவ? விதைத் தோலு கல்லு மாதிரில்லா இருக்கு."

விஷயமே அந்தத் தோல்தான். நெத்து காய்ஞ்சு பழுப்பானதும் பறிச்சு, விதையோட ஒரு ஓரத்தை மட்டும் உப்புத்தாள்ல தேய்ச்சேன். உள்ளே வெளிறின நிறம் தெரிஞ்சதும் நிறுத்திடணும், ஆசைப்பட்டுத் தேய்ச்சா பருப்பு போயிடும். ராத்திரி தண்ணியில ஊறப் போட்டு, காலையில உப்பியிருந்த விதையை மட்டும் ஐப்பசி மழைக்கு, நேரா மண்ணுலயே அரை இஞ்ச் ஆழத்துல ஊன்றினேன். அப்புறம் உரமே கிடையாது. மழை விட்டதும் வாரம் ஒரு தண்ணி, அவ்வளவுதான்.

இப்ப 3-வது வருஷம், இடுப்பளவு நிக்கி. பூவெல்லாம் ஆச்சி வீட்டு முறத்துல காயுது, குளியல் பொடிக்காம்.