கடல் தெரிகிற ஃபிளாட்: புதுப்பித்த வீட்டை வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

சென்னையில் பட்டினப்பாக்கம், எம்.ஆர்.சி. நகர், திருவான்மியூர் பக்கம் உயரமான அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட் மறுவிற்பனைக்கு வந்தால் விளம்பர வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான்: முழுக்கப் புதுப்பித்தது, கடல் தெரியும், உடனே குடியேறலாம். புரோக்கர் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டிப் போவார். பால்கனிக் கதவைத் திறந்ததும் காற்று அள்ளும். அந்த இரண்டு நிமிடத்திலேயே பாதிப் பேர் மனதுக்குள் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள்.

புதுப்பித்த வேலை எல்லாம் வாசல் கதவுக்கு உள்ளேதான். கட்டடம் பழையது. கடலோரத்தில் பணத்தைத் தின்பதும் அந்தக் கட்டடம்தான். இதை மறந்துவிட்டு மாடுலர் கிச்சனின் மதிப்பைக் கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் இதன் பின்னால் வருகின்றன.

உப்புக்காற்று என்ன செய்கிறது என்று பார்ப்போம். காற்றோடு வரும் உப்பு, காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குகிறது. அதிலுள்ள குளோரைடு, காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை எட்டியதும் துரு ஆரம்பிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். இடம் போதாமல் மேலே இருக்கும் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். முதலில் கம்பி ஓடும் வாக்கில் மயிரிழை விரிசல், அப்புறம் பழுப்புக் கறை, அப்புறம் காரை பெயர்ந்து விழுவது. சாந்தோம் முதல் நீலாங்கரை வரை பழைய பால்கனிகளின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தால் இந்த மூன்றையும் காணலாம்.

இதைச் சரிசெய்வதற்கு முறை இருக்கிறது. கெட்டுப்போன காங்கிரீட்டைக் கம்பி தெரியக் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் பூச்சு அடித்து, அதற்கென்றே உள்ள கலவையால் மூட வேண்டும். செலவும் தூசியும் அதிகம். விற்பதற்காகப் புதுப்பிக்கும் ஒருவர் அந்தத் தொல்லையை ஏன் இழுத்துக்கொள்ளப் போகிறார்? மேலே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்காலம் வரை தாங்கும். ஃபால்ஸ் சீலிங் போட்டுவிட்டால் பட்டிகூட வேண்டாம்.

அதனால் ஃபால்ஸ் சீலிங்கை அழகு பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துப் போய், ஒரு விளக்கைக் கழற்றச் சொல்லி, அந்த ஓட்டைக்குள் டார்ச் போட்ட போனை விட்டு வீடியோ எடுங்கள். மேலே உண்மையான தளம் தெரியும். புதிதாகப் பூசிய இடத்தை நாணயத்தால் தட்டினால், உள்ளே பிடிப்பில்லாத இடத்தில் பொள்ளல் சத்தம் கேட்கும். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இதைவிட எளிதான வழி, அலங்காரம் எட்டாத இடங்களைப் பார்ப்பது. கார் நிறுத்தும் இடத்தின் தூண், உத்தரம், மாடிப்படியின் அடிப்பக்கம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் அடித்தளம் ஆகியவற்றுக்கு யாரும் ஃபால்ஸ் சீலிங் போடுவதில்லை. அங்கே கம்பி எட்டிப் பார்த்தால், உங்கள் ஹாலின் உச்சியிலும் அதே காங்கிரீட், அதே வயதுதான். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். கோடிக்கணக்கில் போடும்போது அது பெரிய செலவில்லை.

பார்க்கப் போகும் நேரமும் முக்கியம். மார்ச் மாத மாலையில் எல்லாக் கடலோர வீடும் சொர்க்கம்தான். வடகிழக்குப் பருவமழையில் காற்றும் மழையும் கடல் பக்கத்திலிருந்துதான் வரும். பத்தாவது மாடிக்கு மேல் தண்ணீர் ஜன்னல் தண்டவாளத்தைத் தாண்டி உள்ளே பாயும். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை நாளில் போய் நில்லுங்கள். முடியாவிட்டால் கிழக்கு ஜன்னல்களின் கீழ் மூலையில் பெயிண்ட் பொரிந்திருக்கிறதா, மரத்தரை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஹாலைப் பெரிதாக்கச் சுவரை இடித்திருப்பார்கள். அது வெறும் தடுப்புச் சுவரா, பாரம் தாங்கும் சுவரா? அண்மைக்கால உயரக் கட்டடங்கள் பலவற்றில் சுவர்களே காங்கிரீட்டால் ஆனவை; அவற்றில் கை வைக்கவே கூடாது. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக ஒப்பிடுங்கள். குளியலறையை இடம் மாற்றியிருந்தால் நேரே கீழ்வீட்டுக் கதவைத் தட்டிவிடலாம். அங்கே ஒழுகியிருந்தால், எந்த வருஷம், யாரோடு சண்டை என்பதுவரை அந்த வீட்டு மாமி சொல்லிவிடுவார்.

தண்ணீரை வாட்ச்மேனிடம் கேளுங்கள், புரோக்கரிடம் வேண்டாம். போர் தண்ணீர் உப்பா, கோடையில் வாரத்துக்கு எத்தனை லாரி, தண்ணீர்ப் பஞ்சம் வந்த 2019 கோடையை எப்படிச் சமாளித்தார்கள்? புதுக் குழாயின் வாயில் அதற்குள் வெள்ளைப் படிவு ஏறியிருந்தால் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்து பத்திரம். சதுர அடி விலையை மட்டும் பார்த்துவிட்டு, யூடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத மனைப் பாகத்தைக் கவனிக்காமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போகும் உயர் கட்டடங்களுக்கு மனையைப் போல 3.25 மடங்கு கட்டலாம். மற்றவற்றுக்கு 2 மடங்கு. தோராயமாக, 1,500 சதுர அடி ஃபிளாட்டுக்கு உயர் கட்டடத்தில் 460 சதுர அடி மண்தான் பாகமாக வரும். குறைந்த மாடிக் கட்டடத்தில் 750. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே இடித்துக் கட்டலாம். அன்றைக்கு உங்கள் பங்கு மண்ணைப் பொறுத்ததுதான். இத்தாலிய மார்பிளுக்குக் கணக்கே கிடையாது. கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடுகள் உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலம், உயர் அலைக்கோட்டிலிருந்து (அலை ஏறும் உச்ச எல்லையிலிருந்து) 500 மீட்டர் வரை நீள்வதால், மறுபடி கட்டும்போது அந்த விதிகளும் குறுக்கே வரும்.

தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, கட்டட நிறைவுச் சான்றிதழ் எல்லாவற்றையும் வக்கீல் பார்க்கட்டும். பெசன்ட் நகர், இந்திரா நகர் போன்ற வீட்டுவசதி வாரிய மனைகளில், வாரியம் எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரமும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒதுக்கீட்டு ஆணை மட்டும் போதாது.

பணத்தில் இரண்டு பொறிகள். வீட்டுக்காரர் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ வசிப்பவராக இருந்தால், விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ போனால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டும் வழக்கமான கணக்கு செல்லாது. பல மடங்கு பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் வருமான வரித் துறை வாங்கியவரைத்தான் கேட்கும். இன்னொன்று, “உள் அலங்காரத்துக்குத் தனியாக ரொக்கம் கொடுத்துவிடுங்கள், பதிவுச் செலவு மிச்சம்” என்ற யோசனை. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் கசக்கத்தான் செய்யும். ஆனால் ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு வங்கிக் கடனும் கிடைக்காது, நாளைக்கு விற்கும்போது கணக்கிலும் காட்ட முடியாது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அசோசியேஷனின் கடந்த மூன்று வருடக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். லிஃப்ட் மாற்றுவது, வெளிச்சுவர் பழுதுபார்ப்பது, அதற்கு வீட்டுக்கு வீடு எவ்வளவு வசூல் என்பதெல்லாம் அதில் இருக்கும். விற்பவர் இந்த நேரத்தில் ஏன் விற்கிறார் என்பதுகூடச் சில சமயம் புரியும். முடிவாகிவிட்ட வசூலை விலையில் கழித்து, பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் ஒப்பந்தத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.