வானிலை கெட்ட நாள்ல பாராகிளைடிங் எக்ஸ்சி ரேஸ்: புதுசா வர்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

இமாச்சலப் பிரதேசத்து பிர் பில்லிங்ல இந்த வசந்த சீசன்ல முதல் முதலா எக்ஸ்சி, அதாவது பாராகிளைடர்ல ரொம்ப தூரம் போற க்ராஸ் கன்ட்ரி ரேஸ் பறக்க வந்த பசங்களைப் பார்த்துட்டு இருந்தேன். நாங்கல்லாம் ஆரம்பத்துல என்னென்ன பண்ணோமோ அதையே அச்சு அசலா பண்றாங்க. லெக் ஸ்ட்ராப் மாட்டு, ரிசர்வ் (அவசர பாராசூட்) பின் பாருன்னு சொல்றதுக்கு இதை எழுதல. அது கூட பழகாதவங்க ரேஸுக்கே வரக்கூடாது. வானம் கெட்டுப் போற நாள்ல மட்டும் நடக்கற தப்புகள் சிலது இருக்கு, அதை மட்டும் சொல்றேன்.

ஸ்டார்ட்டுக்கு முன்னாடியே மேகத்துக்குள்ள நுழையறது

ஸ்டார்ட் சிலிண்டர் (ரேஸ் தொடங்கற கற்பனை வட்டம்) விளிம்புல மொத்த கூட்டமும் கிளவுட்பேஸ்ல, அதாவது மேகத்தோட அடிமட்டத்துல சுத்திட்டு இருக்கும். இன்னும் கொஞ்சம் உயரம் கிடைச்சா லாபம்னு வெள்ளைக்குள்ள போயிடறாங்க. பெனால்டி கிடக்கட்டும், உள்ள இன்னும் எத்தனை விங் (பாராகிளைடர்) எந்தப் பக்கம் சுத்துதுன்னு யாருக்குத் தெரியும்?

"இன்னும் டாஸ்க் ஸ்டாப் பண்ணலையே"

எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வர்ற தப்பு இதுதான் (டாஸ்க்னா அன்னன்னைக்குக் குடுக்கற ரேஸ்), கொஞ்சம் விரிவாவே சொல்லிடறேன்.

பில்லிங் டேக்ஆஃப் 2400 மீட்டர் சுமார். பின்னாடி தௌலாதார் 4000 மீட்டருக்கு மேல நிக்குது. வசந்தத்துல காலைல பளிச்சுன்னு இருக்கும், மதியத்துக்கு மேல மலை மேல மேகம் பொங்க ஆரம்பிச்சிடும். டாஸ்க் பெரும்பாலும் அந்த மலை வரிசையை ஒட்டியே பாலம்பூர், தரம்சாலா பக்கமா மேற்க போகும். நீங்க மேகத்துக்கு நேர் கீழ இருக்கும்போது அது எவ்ளோ உயரம் வளர்ந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது, இருட்டான அடிப்பக்கம் மட்டும்தான் தெரியும். கீழ டீக்கடைல நிக்கறவருக்கு உங்களை விட நல்லாத் தெரியும். அதனால வேற அடையாளம் பாருங்க: சுத்தாம நேரா, ஸ்பீட் பார் (வேகம் கூட்டற கால் மிதி) மிதிச்சுட்டுப் போறப்பவே வேரியோ (ஏறினா சத்தம் போடற கருவி) விடாம கத்துதா, தரைல தனித்தனியா இருந்த நிழல் எல்லாம் ஒண்ணா சேர்ந்து பள்ளத்தாக்கையே மூடிடுச்சா, தெர்மல் (மேல ஏறற சூடான காத்து) எல்லாம் திடீர்னு மெத்துன்னு அகலமா ஆயிடுச்சா. புதுசா வர்றவங்க இதைத்தான் "ஆஹா, என்னா லிஃப்ட்"னு நினைக்கறாங்க.

ஒரு டாஸ்க்ல பாலம்பூர் தாண்டறதுக்குள்ள இது மூணும் வந்துடுச்சு. நான் மலையை விட்டு வெளிய பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பி தேயிலைத் தோட்டத்துக்கு ஓரமா இருந்த ஒரு காலி வயல்ல இறங்கிட்டேன், அப்போ காத்தே இல்ல, விங்கை மடிச்சு பையில வெக்கறதுக்குள்ள புழுதியைத் தூக்கிட்டு குளிர்காத்து ஒண்ணு வந்து மரத்தை எல்லாம் வளைச்சுடுச்சு. மழைமேகம் கீழ தள்ற காத்து அது, மேகம் பல கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் வந்து அடிக்கும். கேகிள் (ஒண்ணா சுத்தற பைலட் கூட்டம்) கூடவே நின்ன கோயம்புத்தூர் தம்பி ஒருத்தன் அந்தக் காத்துல மாட்டிக்கிட்டான். முகம் காத்தைப் பார்த்து இருக்கு, கால் பார் மேல முழுசா இருக்கு, அப்படியும் ஆள் பின்னாடியே போறான். படிக்கட்டு வயல் ஒண்ணுல பின்பக்கமாவே விழுந்து, விங் மரத்துல கிழிஞ்சு, ஆளுக்கு அடி இல்லாம தப்பிச்சான். என்னடா ஆச்சுன்னு கேட்டா, "டாஸ்க் ஸ்டாப் பண்ணலையேண்ணா, அதான் போயிட்டே இருந்தேன்"ங்கறான்.

ஸ்டாப் பண்றவர் கீழ உக்காந்திருக்கார், அவருக்குக் கண்ணே மேல இருக்கற நீங்கதான். அதுக்குத்தான் ரேடியோல லெவல் சொல்ற முறை இருக்கு: 1னா பிரச்சனை இல்ல, 2னா பலமா இருக்கு ஆனா பறக்கலாம், 3னா ஆபத்து. பெரிய ஆளுங்களே பேசல, நான் எப்படி லெவல் 3னு சொல்றதுன்னு புதுசா வந்தவன் வாயை மூடிக்கறான். முன்னாடி போறவனுக்கு ரேஸ் நின்னா நஷ்டம், அவனும் சொல்ல மாட்டான். இப்படி எல்லாரும் அடுத்தவன் சொல்லட்டும்னு காத்துட்டே மேகத்துக்கு அடில நிக்கறாங்க. சொல்லுங்கப்பா! யாரும் உங்களைக் கேவலமா நினைக்க மாட்டாங்க.

பாயின்ட் கணக்கும் பார்த்துக்கோங்க. டாஸ்க் ஸ்டாப் ஆனா, ஸ்டாப் பண்ண நேரத்துல இருந்து சில நிமிஷம், வழக்கமா 5 நிமிஷம், பின்னாடி போய்தான் ஸ்கோர் எடுப்பாங்க. கடைசி நேரத்துல மேகத்துக்கு அடில முட்டி மோதிப் போன தூரம் கணக்குலயே வராது. போதாததுக்கு நிறைய போட்டிகள்ல உங்க மோசமான டாஸ்க்ல ஒரு பங்கைக் கழிச்சுடற முறையும் இருக்கு. ஒரு நாள் சீக்கிரம் இறங்கினா வாரம் முழுக்க வீணாப் போயிடாது.

2007 பிப்ரவரில ஆஸ்திரேலியா மனில்லால உலக சாம்பியன்ஷிப்புக்கு முன்னாடி பயிற்சிப் பறப்புல என்ன நடந்ததுன்னு எல்லா பைலட்டும் தெரிஞ்சிருக்கணும். ஜெர்மனி டீம்ல இருந்த ஏவா விஸ்னியர்ஸ்கா ரெண்டு மேகத்துக்கு நடுவுல போயிடலாம்னு பார்த்தாங்க, ரெண்டும் ஒண்ணா சேர்ந்து அவங்களை 9,946 மீட்டருக்குத் தூக்கிட்டுப் போயிடுச்சு. மேல நினைவே போயிடுச்சு, உடம்பெல்லாம் ஐஸ், விங் தானா பறந்து கீழ வந்ததால பிழைச்சாங்க. அதே புயல்ல மாட்டின சீன பைலட் ஒருத்தர் உயிரோட வரல. உலகத் தரத்துல இருக்கறவங்களுக்கே இந்தக் கதி.

இறங்கத் தெரியாம ஏறறது

ரெண்டு வரிசை லைன் (கயிறு) இருக்கற ரேஸ் விங்ல, லைனை இழுத்து நேரா கீழ இறங்கற பி-ஸ்டால் கிடையாது, விங்கோட ரெண்டு ஓரத்தையும் மடிச்சு இறங்கற பிக் இயர்ஸும் பல விங்ல சரியா நிக்காது. மிச்சம் வேகமா சுழன்டு இறங்கற ஸ்பைரல்தான். அதை அமைதியான நாள்ல, உயரத்துல, தண்ணிக்கு மேல எஸ்ஐவி கோர்ஸ்ல (ஆபத்தான நிலைமையை சமாளிக்கற பயிற்சி) பழகிட்டு வாங்க. மேகம் வினாடிக்கு 15, 20 மீட்டர் உறிஞ்சும்போது எந்த ஸ்பைரலும் ஜெயிக்காது, அதனால அதை நம்பி மேகத்துக்கு அடில நிக்கவும் கூடாது.

லீ சைடு

காத்துக்கு மறைவா இருக்கற மலையோட பின்பக்கம் அது. போகாதீங்க.

கம்பி

காங்க்ரா பக்கம் வயலுக்கு வயல் மின்கம்பி ஓடுது. கம்பி மேல இருந்து தெரியாது, கம்பத்தைத் தேடுங்க. காத்து பலமான நாள்ல கம்பிக்குக் காத்துவரத்துப் பக்கமா இறங்காதீங்க, பின்னாடி இழுத்துட்டுப் போய் அதுலயே சேர்த்துடும்.

இறங்கிட்டு மெசேஜ் போடாம இருக்கறது

விங்கை மடிச்சுட்டு, டீ குடிச்சுட்டு அப்புறம் சொல்லிக்கலாம்னு இருக்காதீங்க. புயல் அடிச்ச நாள்ல கணக்குல வராத ஒவ்வொரு ஆளுக்கும் தேடற டீம் மலை ஏறுது, நீங்க பஸ்ல பைஜ்நாத் தாண்டி வந்துட்டு இருப்பீங்க, அங்க நிஜமாவே கால் உடைஞ்சு கிடக்கறவன் உங்களுக்கு அப்புறம்தான் அவங்க லிஸ்ட்ல இருப்பான்.